பதில்: விர்ச்சுவல் மெஷின் நெட்வொர்க் பூட்டில் பிஎக்ஸ்இ-இ53

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் தோட்டப்புற டியூஷன் நிலையத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) நெட்வொர்க்கில் பூட் ஆகாமல், அதாவது சர்வரிலிருந்து கோப்பை இறக்கித் தொடங்காமல், பிஎக்ஸ்இ-இ53 என்ற பிழையைக் காட்டுகிறது என்கிறீர்கள். இது நல்ல அறிகுறிதான்: ஐபி (நெட்வொர்க் முகவரி) கிடைத்துவிட்டது, பூட் கோப்பின் பெயர் மட்டும் வரவில்லை. ஐபியே வராவிட்டால் இ51 வந்திருக்கும்.

வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் டிஎச்சிபி (ஐபி வழங்கும் சேவை) ஆப்ஷன் 66, 67, அதாவது பூட் சர்வரும் பூட் கோப்பின் பெயரும், மாற்ற இடமிருக்காது. ரவுட்டரைத் தொடாதீர்கள். லினக்ஸ் மெஷின் ஒன்றில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளைப் போட்டு, பிராக்சி முறையில் ஓட்டுங்கள். ஐபியை ரவுட்டர் தரட்டும், கோப்பின் பெயரை இது சொல்லும். அந்த லினக்ஸ் மெஷினின் ஃபயர்வாலில் யுடிபி போர்ட்டுகள் 67, 69, 4011 திறந்திருக்க வேண்டும். கோப்பைக் கேட்கும் 69 அடைபட்டால் அடுத்து இ32 பிழை வரும்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: மெஷின் தொடங்குவது பழைய பயோஸ் முறை என்றால் பிஎக்ஸ்இலினக்ஸ் பூட் கோப்பு, புதிய யுஇஎஃப்ஐ முறை என்றால் தனி இஎஃப்ஐ கோப்பு. மாற்றிக் கொடுத்தால் கோப்பு இறங்கும், ஓடாது.

விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் நெட்வொர்க் அடாப்டரை நேட்டிலிருந்து பிரிட்ஜ்டுக்கு (உங்கள் நெட்வொர்க்கோடு நேரடியாக இணையும் முறை) மாற்றுங்கள். நேட்டில் விர்ச்சுவல்பாக்ஸின் சொந்த டிஎச்சிபிதான் பதில் சொல்லும், உங்கள் சர்வரின் குரல் எட்டாது. வைஃபை வழியாக பிரிட்ஜ் செய்ய வேண்டாம், கேபிள் போடுங்கள். ரேம் 2 ஜிபியாவது கொடுங்கள். நெட்வொர்க் பூட்டில் இயங்குதளத்தை நிறுவும் இன்ஸ்டாலர் ரேமில்தான் ஏறுகிறது.