ஊசிச் சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போடலாமா, மிஸி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ரொம்ப வருடம் தாதியாக, தோட்டத்து வழக்கில் மிஸியாக, இருந்தவள் நான். இந்த மாதம் வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ஊசியைப் பற்றித்தான்.

மகள் இடைநிலைப் பள்ளியில் முதல் வருடம், படிவம் ஒன்று படிக்கிறாள். கருப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசிக்குப் பள்ளியில் பாரம் கொடுத்திருக்கிறார்கள். "சின்னப் பிள்ளைக்கு அந்த ஊசி எதுக்கு?" என்கிறார் மாமியார்.

இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள். இந்த நோய்க்குக் காரணம் எச்பிவி என்ற கிருமி, அது உடலுறவில் தொற்றுவது. உள்ளே வந்த கிருமியை இந்த ஊசி விரட்டாது, வருவதற்கு முன்னால் தடுக்கத்தான் செய்யும், அதனால்தான் சின்ன வயதிலேயே போடுகிறார்கள்; 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக உருவாகும். பிள்ளையின் நடத்தையைச் சந்தேகப்பட்டுப் போடுவதில்லை, இதை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்குக் காசநோய் ஊசி போடுகிறோமே, அந்த மாதிரிதான். நம் நாட்டில் 2010 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இது இலவசம். ஆரம்பத்தில் மூன்று ஊசி போட்டார்கள். ஒன்றே நல்ல பாதுகாப்புத் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லிவிட்டது.

அப்புறம், விடியுமுன் பஸ் ஏறும் தோட்டத்துப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு ஊசிக்குப் போய் மயங்கி விழுந்தால், ஊசிதான் விஷம் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். அன்றைக்கு ரெண்டு துண்டு ரொட்டியாவது சாப்பிட வையுங்கள். போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார்ந்திருக்கட்டும்.

பின்னால் குழந்தை பிறக்காதாமே?

பொய். நோய் வந்து கருப்பையை எடுக்கும் நிலை வந்தால்தான் அந்தக் கவலை.

எனக்கு 41. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறேன். நானும் போடணுமா?

தங்கச்சி, உங்களுக்கு ஊசியைவிடப் பரிசோதனைதான் முக்கியம். பால்மரம் வெட்டிய ஓர் அக்கா என் மனதை விட்டுப் போகவே மாட்டார். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து இரத்தம் பட்டிருக்கிறது, உடம்புச் சூடு என்று நினைத்து ஒரு வருடம் வெந்தயத் தண்ணீர் குடித்தார், வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, எங்களிடம் வந்தபோது நோய் முற்றிவிட்டது. அதே நோய், புற்றாக மாறும் முன்பே பரிசோதனையில் தெரிந்திருந்தால் சின்ன சிகிச்சையோடு முடிந்திருக்கும். 30 வயது தாண்டியவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள். எச்பிவி பரிசோதனைக்குத் திரைக்குப் பின்னால் போய், பஞ்சு சுற்றிய குச்சியால் நீங்களே மாதிரி எடுக்கலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. ஊசி போட்ட பெண்களும் அந்த வயதில் இதைச் செய்யணும், ஏனென்றால் ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுப்பதில்லை. 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் சுமார் 70 விழுக்காட்டு நோய்க்குக் காரணம், மிச்சமும் இருக்கிறது.

மகள் அன்று பள்ளிக்குப் போகவில்லை, ஊசி விட்டுப்போச்சு. இப்போது 16.

இன்னும் காலம் கடக்கவில்லை. அடையாள அட்டையோடு கிளினிக்குக் கூட்டிப்போய், விட்டுப்போனவர்களுக்கு இலவசமாகப் போடுகிறார்களா என்று கேளுங்கள்; இல்லையென்றால் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போடலாம்.