சந்தைப் பொருளாதாரம் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பொருளாதாரத்தை முறையாகப் படித்ததில்லை. தடையற்ற சந்தை, தனிமனித சுதந்திரத்தை முன்வைத்து அரசின் பங்கைச் சுருக்கச் சொல்லும் லிபர்டேரியன் சிந்தனை இரண்டையும் பற்றி அடிப்படையாகத் தெரிந்துகொள்ள ஆசை. கணக்கும் வரைபடமும் இல்லாத, இருநூறு பக்கத்தை ஒட்டிய புத்தகங்கள் எவை? எந்த வரிசையில் படிக்கலாம்? ஒரு தரப்பின் பிரசாரத்துக்குள் சிக்காமல் இருக்க வழி உண்டா? ஆங்கிலத்தில் படிக்க வரும்.

பதில்: நீங்கள் கேட்பது ஒரு பட்டியல், கொடுக்க வேண்டியது இரண்டு. விலைக்கு உச்சவரம்பு வைத்தால் பொருளுக்குத் தட்டுப்பாடு வரும் என்பது பொருளாதாரம். நடந்ததா இல்லையா என்று பார்த்துத் தீர்மானிக்கலாம். ஒரு சோஷலிஸ்ட்டும் அதை ஒப்புக்கொள்ள முடியும். ஒருவர் சம்பாதித்ததை அவர் சம்மதம் இல்லாமல் எடுக்க அரசுக்கு உரிமை கிடையாது என்பது அறமும் அரசியலும் சேர்ந்த நிலைப்பாடு. முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை மறுப்பவர்கள் ஏராளம். ஆனால் இந்தத் துறையின் அறிமுக நூல்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே மூச்சில் பேசும். வாசகர் வழுக்குவது அங்கேதான். எனவே கையில் பென்சில் இருக்கட்டும். ‘இப்படி நடக்கும்’ என்னும் வாக்கியத்துக்கு ஓரத்தில் ஒரு புள்ளி, ‘இப்படி இருக்க வேண்டும்’ என்னும் வாக்கியத்துக்கு ஒரு கோடு. பத்துப் பதினைந்து பக்கம் இப்படிப் படித்தால், பிறகு பென்சில் இல்லாமலே பிரிக்க வந்துவிடும்.

முதலில் பொருளாதாரம், அதன் பின் அரசியல். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தத்துவத்தில் தொடங்குபவர்கள் ஒன்று உடனே ரசிகராகிவிடுகிறார்கள், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். விலை என்ன வேலை செய்கிறது என்பது இருவருக்குமே கடைசிவரை தெரியாமல் போய்விடுகிறது.

தொடக்கம் புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. லெனார்டு ரீட் 1958இல் எழுதிய ‘ஐ, பென்சில்’ சில பக்கங்களே கொண்ட கட்டுரை. ஒரு சாதாரணப் பென்சில் தன் வம்சாவளியைத் தானே சொல்கிறது: வட கலிஃபோர்னியா, ஆரிகன் பகுதியின் மரம், இலங்கையின் கிராஃபைட், மிசிசிப்பியின் களிமண், இத்தாலியின் நுரைக்கல். பென்சிலை முழுவதுமாகச் செய்யத் தெரிந்தவர் உலகில் ஒருவர்கூட இல்லை, ஆனாலும் அது தயாராகிவிடுகிறது என்பதுதான் வாதம். எப்படித் தயாராகிறது என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரை பெரிதாகப் பதில் சொல்வதில்லை, வியப்போடு நின்றுவிடுகிறது.

அந்தப் பதில் ஃப்ரீட்ரிக் ஹாயெக் 1945இல் எழுதிய ‘த யூஸ் ஆஃப் நாலெட்ஜ் இன் சொசைட்டி’ கட்டுரையில் இருக்கிறது. பன்னிரண்டு பக்கம்தான், ஆனால் முதல் சில பக்கங்கள் கடினமானவை. பொருளாதார அறிஞர்களுக்காக எழுதப்பட்டவை. புரியாவிட்டால் கவலைப்படாமல் தாண்டி, பிற்பகுதியில் வரும் வெள்ளீய உதாரணத்துக்குப் போங்கள். உலகில் எங்கோ வெள்ளீயத்துக்குப் புதிய பயன் ஒன்று கிளம்புகிறது, அல்லது ஒரு சுரங்கம் நின்றுபோகிறது. இரண்டில் எது நடந்தது என்று பயனாளிகளுக்குத் தெரியவே வேண்டாம். விலை ஏறுகிறது, சிக்கனம் பிடிக்கிறார்கள், மாற்றுப்பொருள் தேடுகிறார்கள். காரணம் தெரியாத லட்சக்கணக்கானவர்கள் சரியான திசையில் நகர்கிறார்கள். எதை எவ்வளவு உற்பத்தி செய்வது என்று அரசே தீர்மானிக்கும் மையத் திட்டமிடலுக்கு எதிரான மிக வலுவான வாதம் இதுதான் என்று சொல்லலாம். அதிகாரிகள் கெட்டவர்கள் என்று அது சொல்வதில்லை. அந்தந்த இடத்தில் அந்தந்த நேரத்தில் சிதறிக்கிடக்கும் தகவல் ஒருபோதும் ஒரு மேசைக்கு வந்து சேராது என்கிறது. வெள்ளீய உதாரணம் பிடிபட்ட பிறகு, கட்டுரையை ஆரம்பத்திலிருந்து மறுபடி படியுங்கள். முதல் பக்கங்களும் திறந்துகொள்ளும்.

அடுத்தவர் ஃப்ரெதெரிக் பாஸ்தியா. ‘கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்’ என்ற பொருள்படும் அவருடைய 1850ஆம் ஆண்டுக் கட்டுரை பன்னிரண்டு சிறு பகுதிகள் கொண்டது. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் தலைப்பு சற்று மாறி மாறி இருக்கும். கடைக்காரர் மகன் ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறான். கண்ணாடி போடுபவருக்கு ஆறு ஃபிராங்க் வருமானம். ஊர் மகிழ்கிறது. அதே ஆறு ஃபிராங்கில் கடைக்காரர் வாங்கியிருக்கக்கூடிய காலணி யார் கண்ணிலும் படுவதில்லை. வரி, பொதுப்பணி, இறக்குமதித் தடை, எந்திரம் என்று ஒவ்வொன்றையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்கிறார். முதல் பகுதியோடு எந்திரம் பற்றிய பகுதியையும் படித்தால் போதும். அல்ஜீரியா பற்றியது அந்தக் காலத்துப் பிரெஞ்சு விவகாரம், விட்டுவிடலாம்.

இதே கருத்தை இருபதாம் நூற்றாண்டுக்கு நீட்டியதுதான் ஹென்றி ஹாஸ்லிட்டின் ‘எகனாமிக்ஸ் இன் ஒன் லெசன்’. 1946இல் வந்தது, இருநூறு பக்கத்தை ஒட்டியது. பாஸ்தியாவுக்குப் பட்ட கடனை அவரே சொல்கிறார். பத்திரிகையாளர் என்பதால் நடை ஓடும். எல்லா அத்தியாயமும் ஒரே சாவியால் திறப்பவை, ஆகவே தொடர்ந்து படித்தால் பாதியில் சலிக்கும். முதல் அத்தியாயம், உடைந்த ஜன்னல், எந்திரங்கள், விலை அமைப்பு இயங்கும் விதம், அரசு விலை நிர்ணயம், வாடகைக் கட்டுப்பாடு, லாபத்தின் வேலை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் கடைசியில் திருத்திய பதிப்பைத் தேடி எடுப்பது நல்லது.

ஹாஸ்லிட்டை வாசிக்கும்போது இரண்டு இடத்தில் நிதானிக்க வேண்டும். ஒன்று, ஆளும் பொருளும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன என்ற அனுமானத்தில்தான் ஜன்னல் வாதம் முழு வலுவோடு நிற்கிறது. பெருமந்தத்தில் தொழிற்சாலைகளும் ஆட்களும் சும்மா கிடக்கும்போது அரசுச் செலவு புதிய உற்பத்தியைக் கிளப்பும் என்பது பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸின் வழிவந்தவர்களின் பதில். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஹாஸ்லிட் முடிந்துவிட்டது போல எழுதுகிறார். இரண்டாவது, குறைந்தபட்சக் கூலி. உயர்த்தினால் வேலை போகும் என்று அவர் தர்க்கத்தால் மட்டும் நிறுவுகிறார். 1992இல் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கிருந்த துரித உணவகங்களைப் பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டார்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. அதை மறுத்து வந்த ஆய்வுகளும் உண்டு. எந்த அளவு உயர்வு, எந்தச் சந்தை என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்பதுதான் இப்போது பேசப்படுவது. 1946ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இது இருக்க முடியாது.

நூறு பக்கத்தில் ஒரே ஒரு புத்தகம்தான் என்றால், லுட்விக் ஃபான் மீசஸின் ‘எகனாமிக் பாலிசி’யைச் சொல்லலாம். 1950களின் இறுதியில் புயனஸ் ஐரிஸில் அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள். அவர் மறைந்த பிறகு 1979இல் நூலாயின. கேட்பவர்களுக்காகப் பேசியதால் மீசஸின் மற்ற நூல்களில் இருக்கும் இறுக்கம் இதில் இல்லை. தலையீட்டைப் பற்றிய மூன்றாவது சொற்பொழிவைத் தவறவிடாதீர்கள். ஏழைக் குழந்தைகளுக்குப் பால் கிடைக்கட்டும் என்று அரசு பாலின் விலையைக் குறைத்து நிர்ணயிக்கிறது. கேட்பவர்கள் கூடுகிறார்கள். மறுபக்கம், அதிகச் செலவில் உற்பத்தி செய்பவருக்கு நஷ்டம். மாட்டை விற்கிறார், அல்லது பாலை வேறு பொருளாக மாற்றி விற்கிறார். பால் முன்னைவிடக் குறைகிறது. ரேஷன் வருகிறது. செலவைக் குறைக்கத் தீவனத்துக்கும் விலை நிர்ணயம். அங்கேயும் அதே கதை, அதற்கு முந்தைய கட்டத்துக்கும் நிர்ணயம். ஒரு தலையீடு அடுத்ததை இழுத்துக்கொண்டே போகும் இந்தச் சங்கிலிதான் மீசஸின் மைய வாதம். இதில் புள்ளி வைக்க வேண்டிய இடம் தட்டுப்பாடு. அது உறுதியாக நிற்கும். சங்கிலி எப்போதும் முழுக் கட்டுப்பாட்டில்தான் போய் முடியும் என்பது கணிப்பு. பாதியில் நின்றுபோன, கைவிடப்பட்ட விலைக் கட்டுப்பாடுகளும் வரலாற்றில் உண்டு.

இனி அரசியல் பக்கம். பாஸ்தியாவின் ‘த லா’ 1850இல் எழுதப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். சட்டம் என்பது தன்னைக் காத்துக்கொள்ளும் தனிமனித உரிமையின் கூட்டு வடிவம். ஒருவர் செய்தால் குற்றமாகும் ஒன்றைச் சட்டத்தின் பெயரால் செய்தால் அது சட்டபூர்வமான கொள்ளை என்கிறார். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் கோடு விழும் நூல் இது. நடுவில் பொஸ்ஸுவே, ஃபெனலோன், மொந்தெஸ்கியூ, ரூஸோ என்று முந்தைய சிந்தனையாளர்களை வரிசையாக மேற்கோள் காட்டி மறுக்கும் பகுதியில் பலரும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள். தைரியமாகத் தாண்டலாம், வாதத்தின் இழை அறாது. மொழிபெயர்ப்பில் டீன் ரஸல் 1950இல் செய்தது எளிய ஆங்கிலம்.

மில்டன் ஃப்ரீட்மனின் ‘கேப்பிட்டலிசம் அண்ட் ஃப்ரீடம்’ 1962இல் வந்தது. பதின்மூன்று அத்தியாயம், ஏறக்குறைய இருநூறு பக்கம். முதல் இரண்டு, கல்வி பற்றிய ஆறாவது, தொழில் உரிமம் பற்றிய ஒன்பதாவது, வறுமை பற்றிய பன்னிரண்டாவது. இந்த ஐந்தும் போதும். பணக்கட்டுப்பாடு, அன்னியச் செலாவணி அத்தியாயங்கள் மாற்று விகிதங்கள் நிலையாக வைக்கப்பட்டிருந்த பிரெட்டன் உட்ஸ் காலத்துக்கானவை. இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில், அரசு செய்யத் தேவையில்லாதவை என்று பதினான்கு வேலைகளை அடுக்குகிறார்; ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சம்மதமா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும். பன்னிரண்டாவது அத்தியாயம் பலருக்கு ஆச்சரியம் தரும்: ஏழைகளுக்கு அரசே நேரடியாகப் பணம் தர வேண்டும் என்று, எதிர்மறை வருமான வரி என்ற பெயரில், அவரே வாதாடுகிறார். ஹாயெக்கும் 1944ஆம் ஆண்டின் ‘த ரோடு டு செர்ஃப்டம்’ ஒன்பதாவது அத்தியாயத்தில் எல்லோருக்கும் அடிப்படைப் பாதுகாப்பை ஏற்கிறார். அந்த நூலை 1945இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் மிகச் சுருக்கி வெளியிட்டது. சுருக்கத்தைப் படிப்பவர்கள் ஒன்பதாவதை மட்டும் மூலத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

லிபர்டேரியன் முகாமுக்குள் ஒரே குரல் கிடையாது. மரே ராத்பார்டின் ‘அனாட்டமி ஆஃப் த ஸ்டேட்’ அறுபது சிறிய பக்கம். அரசே வேண்டாம் என்பவரின் நூல். சின்னதாக இருக்கிறதே என்று இதில் ஆரம்பிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃப்ரீட்மனுக்கு மத்திய வங்கி விதிப்படி நடந்தால் போதும், ராத்பார்டுக்கு அதுவே கூடாது. மீசஸ் அடிப்படை உண்மைகளிலிருந்து தர்க்கத்தால் இறங்கி வருபவர், ஃப்ரீட்மன் தரவைக் காட்டு என்பவர். இந்தப் பிரிவுகளையெல்லாம் கேள்வி பதிலாகத் தெளிய வைப்பது ஜேசன் பிரென்னனின் ‘லிபர்டேரியனிசம்: வாட் எவ்ரிஒன் நீட்ஸ் டு நோ’ (2012). ராத்பார்டுக்கு முன் இதைப் படிப்பதே முறை.

இப்போதைக்குத் தவிர்க்க வேண்டியவை: மீசஸின் ‘ஹ்யூமன் ஆக்‌ஷன்’, ஆடம் ஸ்மித்தை முழுவதுமாக, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் அய்ன் ராண்டின் நாவல் ‘அட்லஸ் ஷ்ரக்ட்’. ராண்டே லிபர்டேரியன்களைத் தன்னவர்களாக ஏற்கவில்லை என்பது தனிக்கதை. தாமஸ் சோவெலின் ‘பேசிக் எகனாமிக்ஸ்’ நல்ல நூல், வரைபடமே கிடையாது. ஆனால் அறுநூறு பக்கத்துக்கு மேல். ஏதாவது கேள்வி எழும்போது எடுத்துப் புரட்ட வைத்துக்கொள்ளலாம்.

பிரசாரம் பற்றிக் கேட்டீர்கள். எதிர்த்தரப்பைக் கடைசியில் ஒரு சடங்காகப் படிக்காமல், இடையிலேயே படியுங்கள். ஹாஸ்லிட் முடிந்ததும் ஹா-ஜூன் சாங்கின் ‘23 திங்ஸ் தே டோன்ட் டெல் யூ அபௌட் கேப்பிட்டலிசம்’ (2010) நூலின் முதல் சில அத்தியாயங்கள். எடுத்த எடுப்பில் அவர் கேட்பது, தடையற்ற சந்தை என்று ஒன்று இருக்கிறதா என்பதையே. ஃப்ரீட்மன் முடிந்ததும் ஜி.ஏ. கோஹனின் ‘ஒய் நாட் சோஷலிசம்?’ (2009). நூறு பக்கம்கூட இல்லை. நண்பர்கள் முகாமிடப் போகும் ஓர் உதாரணத்தின் மேல் முழு வாதமும் நிற்கிறது. அதற்கு அதே பாணியில் பிரென்னன் எழுதிய பதில் ‘ஒய் நாட் கேப்பிட்டலிசம்?’ (2014). இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, ஃப்ரீட்மனின் பதினான்குக்கு நீங்கள் எழுதிவைத்த சம்மதங்களில் எத்தனை மாறின என்று பாருங்கள்.

மேலே சொன்ன சிறுநூல்கள் மெலிதாகத் தொடும் விஷயம் ஒன்று: ஒருவரின் உற்பத்தி மூன்றாமவர் மேல் சுமத்தும் செலவு, அதாவது மாசு போன்றவை. ஃப்ரீட்மனின் இரண்டாம் அத்தியாயத்தில் அது கொஞ்சம் வருகிறது, மற்றவற்றில் ஏறக்குறைய இல்லை. இதற்கு மட்டும் ஏதாவது ஒரு கல்லூரி அறிமுகப் பாடநூலின் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் தேடிப் பாருங்கள். ரீட், ஹாஸ்லிட், மீசஸ் சொற்பொழிவுகள், ஹாயெக்கின் 1945 கட்டுரை, பாஸ்தியா எல்லாமே அவற்றை வெளியிடும் அமைப்புகளின் தளங்களில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கின்றன. ஃப்ரீட்மனும் பிரென்னனும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. பாஸ்தியாவுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டதால் மலிவு மறுபதிப்புகள் மலிந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாத பதிப்பை வாங்காதீர்கள்; பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பை எந்திரத்தில் ஸ்கேன் செய்து, பிழை திருத்தாமல் அச்சிட்டவை. இணையத்தில் அவர் பெயரில் சுற்றும் மேற்கோள்களிலும் கவனம் தேவை: சரக்குகள் எல்லை தாண்டாவிட்டால் படைகள் தாண்டும் என்ற புகழ்பெற்ற வாக்கியம் அவருடைய எழுத்தில் எங்கும் கிடையாது.