அம்மா ஓரமாக நிற்க வேண்டுமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். தை மாதம் எனக்குத் திருமணம். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சீர் எனப்படும் கல்யாணச் சடங்குகள் நடக்கும் இடத்தில் அம்மா நிற்கக் கூடாது, வழிவழியாக வந்த வழக்கம் அது என்கிறார்கள் பங்காளிகள். அம்மாவும் "நான் ஓரமா நின்னுக்கறேன் கண்ணு" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் அம்மா சொன்னதைப் படித்து மனம் கனத்துப் போனது.

வீட்டு வாசலில் பந்தலிட்டு மூன்று நாள் நடந்த கொங்குக் கல்யாணம் இன்று மண்டபத்தில் ஒரு மாலையும் ஒரு காலையுமாக முடிகிறது. மண்டப வாடகைக்கும் விடுப்புக்கும் ஏற்ப சீர்களை நடத்தி வைக்கும் அருமைக்காரர் அவற்றைச் சுருக்கும்போது, மரபு கெட்டதென்று எந்தப் பங்காளியும் சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்துப் பெண் எடுத்த வழக்கமும் இங்கே பல குடும்பங்களில் இருந்ததுதான். கையில் பணம் புழங்கத் தொடங்கிய பின் அது தலைகீழாகி, பெண் வீட்டார் பவுனும் காரும் கொடுப்பதாயிற்று; 1961-இல் வந்த வரதட்சணைத் தடைச் சட்டத்தாலும் அது நிற்கவில்லை. ஆகவே, நாள் போகப் போக எல்லாம் தானாகச் சீராகிவிடும் என்று நான் நம்புவதில்லை. எந்த வழக்கம் யாருடைய வசதிக்காக மாறுகிறது, யாருக்காக மாற மறுக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

விதவை மறுமணத்தை 1856-இலேயே சட்டம் ஏற்றது. அரை நூற்றாண்டு கழித்து, குழந்தை விதவையான தம் தங்கை மகளுக்குப் பெரியார் மறுமணம் செய்வித்தபோதும் உறவினர் எதிர்த்தார்கள். ஆனால் நம் பக்கத்துக் கைம்பெண்களின் வெள்ளைச் சேலையோ, எந்தச் சட்டமும் இல்லாமலே குறைந்து வருகிறது. ஏதோ ஒரு வீட்டில் ஒரு மகள் நிறச் சேலை எடுத்துக் கொடுத்தாள், அதைப் பார்த்து அடுத்த வீட்டிலும் கொடுத்தார்கள்.

முகூர்த்த நாளில் மணவறையில் வாதிட வேண்டாம். முதலில் மாப்பிள்ளையிடமும் அவருடைய பெற்றோரிடமும் பேசுங்கள். அவர்கள் சம்மதித்துவிட்டால் பங்காளிகளின் மறுப்புக்கு வலு குறையும். பிறகு தாய்மாமனை அழைத்துக்கொண்டு அருமைக்காரர் வீட்டுக்கே போய், ஆசி கூற அம்மா முன்னால் வர வேண்டும் என்று கேளுங்கள். சீர்களைச் சுருக்கத் தெரிந்தவருக்கு இதற்கும் வழி தெரியும்.

அம்மா தயங்குவது விருப்பத்தால் அன்று, ஆறு ஆண்டுகளாக ஒதுங்கி ஒதுங்கிப் பழகியதால் என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் வற்புறுத்தாதீர்கள். கூறைப்பட்டு எடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவருக்கொரு நல்ல நிறச் சேலையை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.