கர்நாடக சங்கீதம் பாடுபவரும் கபடி வீரரும் காதலித்து மணந்தால் சரிப்படுமா?

கேள்வி கேட்டவர் வயலின் வாசிப்பவர். அவர் விரும்புகிறவர் தொழில்முறை வாலிபால் வீரர். "அவருக்குச் சங்கீதம் தெரியாது, எனக்கு ஆட்டம் புரியாது, கல்யாணத்துக்குப் பிறகு என்னதான் பேசிக்கொள்வீர்கள் என்று தோழிகள் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

தோழிகளை விட்டுத்தள்ளுங்கள். நான் கச்சேரி பாடுகிறவள். என் கணவர் கபடி ஆடுகிறவர், எதிரணிக் களத்துக்குள் தனியாகப் பாடிப்போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும் ரெய்டர். தோடி ராகத்துக்கும் கல்யாணி ராகத்துக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எதிரணியில் ஆறு பேராவது களத்தில் நின்றால்தான் போனஸ் கோட்டைத் தொட்டதற்குப் புள்ளி என்பது எனக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிதாக மறந்துபோகிறது. குடும்பம் நன்றாகவே நடக்கிறது.

எனக்குத் திருவையாறு. தை மாதம் புஷ்ய பகுள பஞ்சமியன்று காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி முன்னால் பாடகர்கள் கூடி உட்கார்ந்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் அவர் இயற்றிய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளையும் சேர்ந்து பாடுவார்கள். அதற்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரியாது. அதே தை மாதத்தில் சுற்றுப்பட்டு ஊர்களில் பள்ளிக்கூட மைதானங்களில் விளக்குக் கட்டி மின்னொளி கபடிப் போட்டி நடக்கும். புரோ கபடியில் 40 வயதைக் கடந்தும் ஆடிய சேரலாதன் எங்கள் தஞ்சை மாவட்டத்துக்காரர். எனவே எங்கள் இருவரின் உலகமும் வேறு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். இரண்டு ஒலிபெருக்கியும் எங்களுக்கு ஒரே காற்றில்தான் கேட்கும்.

அவரைப் பார்த்ததும் அப்படியொரு போட்டியில்தான். இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தொடக்க விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட ஆள் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள், என்னை அனுப்பிவைத்தார்கள். (2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று அரசாணை வந்தது. நான் பாடியது அதற்கு முன்பு; மோகன ராகத்தை ஆசைதீர இழுத்து நிதானமாகவே பாடினேன். ஆட வந்தவர்கள் உடம்பு ஆறிப்போய் நின்றிருப்பார்கள், பாவம்.) மேடையை விட்டு இறங்கியதும், வரிசையில் நின்றிருந்தவர்களில் ஒருவர் நேராக வந்தார். குரல் இனிமை என்பார், இல்லை எந்தக் கல்லூரி என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"நீங்கள் மூச்சு எங்கே எடுத்தீர்கள்? பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், தெரியவே இல்லை."

சங்கீதம் கற்றவர்கள்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவருக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி. ரெய்டுக்குப் போகிறவர் நடுக்கோட்டைத் தாண்டும்போதே 'கபடி கபடி' தொடங்கியிருக்க வேண்டும். நடுவர் காதில் விழ வேண்டும். திரும்பி வரும்வரை அறுபடக் கூடாது. அறுந்தால் ரெய்டர் அவுட், எதிரணிக்குப் புள்ளி. 30 விநாடிதான் என்றாலும், அந்த நேரத்தில் ஏழு பேர் கணுக்காலையும் தொடையையும் குறிவைத்து நிற்கிறார்கள். பயத்தில் முதலில் தீர்ந்துபோவது மூச்சுதானாம். தோளை உயர்த்தி இழுத்தால் மேல்மூச்சுதான் வரும், வயிற்றில் இறக்கிப் பழகுங்கள் என்று சொல்லி, விடியற்காலையில் கீழ் ஸ்தாயியில் 'ஸ' என்னும் சட்ஜத்தைப் பிடித்து, 'ஆ' என்று நீட்டிப் பழகும் அகார சாதகம் செய்வது எப்படி என்று அந்த ஒலிபெருக்கி இரைச்சலிலேயே காட்டினேன். அவர் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே பழகத் தொடங்கிவிட்டார். அவருடைய அணிக்காரர்கள் பார்த்துச் சிரித்ததை இருவரும் கவனிக்கவில்லை என்று பிறகு அவர்களே சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாக் காதலிலும் நடப்பதுதான், அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. வீட்டில் சொன்னபோது இரண்டு பக்கத்திலும் முதலில் கேட்டது சாதி. இரண்டாவதாகக் கேட்டது நிரந்தர வருமானம். இரண்டாவதற்கு அவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை பதில் சொன்னது. முதலாவது ஆறுவதற்குக் காலம் பிடித்தது. "பாட்டுக்காரிக்கு மாட்டுக் கொட்டகை தெரியுமா?" என்று கேட்ட என் மாமியார், இப்போது ஊருக்குப் போனால் என் சாதகம் கேட்ட பிறகுதான் பால் கறக்க எழுந்திருக்கிறார். அலாரம் மிச்சம் என்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் கலையை மற்றவர் ரசிக்க வேண்டும் என்பதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ரசிப்பதற்கு ஊரில் ஆள் இருக்கிறார்கள். உடம்பை வைத்துப் பிழைக்கிறவளுக்கு, இன்னொரு உடம்பு படும் பாட்டை அறிந்தவர் வீட்டில் இருப்பதுதான் பெரிய விஷயம். மார்கழியில் கச்சேரிக்கு முந்தின நாள் நான் வாய் திறக்க மாட்டேன். கோபமா என்று வேறு யாராவது நூறு தடவை கேட்டிருப்பார்கள். இவர் வெந்நீர் ஃபிளாஸ்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். போட்டிக்கு முன் அவர் 85 கிலோவுக்குள் நிற்க வேண்டும். எடை பார்க்கும் நாள் வரை எங்கள் வீட்டில் பாயசம் கிடையாது, பண்டிகையே வந்தாலும் கிடையாது. இதற்கெல்லாம் எங்களுக்குள் விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஒரு கச்சேரி நினைவுக்கு வருகிறது. முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் 'பிரமாதம்' என்றார்கள். பைக்கில் திரும்பும்போது இவர் கேட்டார்: "மூன்றாவது பாட்டில் உனக்கு மூச்சு போதவில்லையே, உடம்புக்கு என்ன?" அன்று காலையிலிருந்து எனக்கு லேசாக நெஞ்சுச் சளி. ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலில், வழக்கமாக ஒரே மூச்சில் பாடும் இடத்தை இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு சங்கதியை, அதாவது அதே வரியின் வேறு மெட்டைப் போட்டு மறைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த வயலின்காரருக்கே தெரியவில்லை. என் குரு கண்டுபிடித்தார், அவர் கண்டுபிடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். அடுத்தபடியாகக் கண்டுபிடித்தவர் என்ன ராகம் என்றே தெரியாத இந்த மனிதர்.

சபா நாகரிகம் அவருக்கு இன்னும் பழகவில்லை. பாட்டு நின்று மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஜனங்கள் எழுந்து கேன்டீனுக்குப் போவதைப் பார்த்து, "ஒருவன் ரெய்டு போய்க்கொண்டிருக்கும்போது எவனாவது எழுந்து போவானா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். முன்வரிசை மாமா ஒருவர் எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். என் மிருதங்க வித்வானுக்கு அன்றிலிருந்து இவர் செல்லப்பிள்ளை.

என் பங்குக்கு நானும் மானத்தை வாங்கியிருக்கிறேன். 2023 டிசம்பர் கடைசியில் புரோ கபடி ஆட்டங்கள் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தன, இசை விழாவும் நடந்துகொண்டிருந்த நேரம். அவர் ஆடவில்லை, அவருடைய நண்பர்கள் ஆடினார்கள். மதியக் கச்சேரியை முடித்து, பட்டுப்புடவையும் பூவுமாக நான் அரங்கம் இருக்கும் பெரியமேட்டில் போய் இறங்கினேன். சுற்றிலும் அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். எனக்கு மறுநாள் இன்னொரு சபா. கத்தினால் குரல் போய்விடும். புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட் ஆகும் டூ ஆர் டை ரெய்டு வந்தபோதெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சேர்த்து அவரே கத்தினார். பின்வரிசைப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா எதிர் டீமா?" என்று கேட்டாள்.

எங்களை உண்மையில் சேர்த்துக் கட்டியது அவருடைய முழங்கால். கபடிக்காரர்களுக்கு அடிக்கடி வரும் வினைதான்: முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. தொடைத் தசை மெலிந்துவிடாமல் இருக்க, படுத்துக்கொண்டு காலை நேராகத் தூக்கி நிறுத்த வேண்டும். அந்த நாட்களில் அவர் மனம் விட்டுப்போயிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் வெறுப்பாக இருக்கிறது என்று சொல்லி, நான் சாதகம் செய்யும் அறையில் பாயைப் போட்டுக்கொண்டார். எட்டு அட்சர ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று முழுக்கக் கால் மேலே; அடுத்த ஆவர்த்தனம் ஓய்வு. மத்திம காலக் கீர்த்தனை என்றால் சிரமமில்லை. நான் மிக மெதுவான இரண்டு களைச் சவுக்கத்தில் எதையாவது எடுத்துவிட்டால் கால் நடுங்கும், முகம் சிவக்கும், "சமத்துக்கு எப்போது வருவாய்?" என்று, அடுத்த சுற்றின் முதல் அடிக்காக, பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சுவார். சில நாட்கள் வேண்டுமென்றே நிரவல் பாடினேன். ஃபிசியோதெரபிஸ்ட், தசை நன்றாகத் தேறியிருக்கிறது, வீட்டில் ஒழுங்காகச் செய்கிறீர்கள் போல என்று பாராட்டினார். ராகம் தெரியாவிட்டாலும், எட்டு அட்சரம் அவருடைய தொடைக்கு நன்றாகவே தெரியும்.

இத்தனை இனிப்புக்கு நடுவில் உங்கள் தோழிகள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். வயது. ஆட்டக்காரரின் காலம் முப்பதுகளின் நடுவில் முடிந்துவிடும். சேரலாதன் போன்றவர்கள் அபூர்வம். எங்கள் துறையில் நாற்பதில்தான் 'பக்குவம் வந்திருக்கிறது' என்று பேசவே தொடங்குவார்கள். பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் 80 வயதைத் தாண்டியும் மேடையில் பாடினார். அதாவது எனக்கு மாலைநேரக் கச்சேரி கிடைக்கத் தொடங்கும் காலத்தில் அவர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டிருப்பார். ஒரு காலத்தில் டிவியில் கபடி வீரர்கள் ஏலத்தில் அவர் பெயரைச் சொல்லி விலை கேட்டார்கள், எங்கள் தெருவே பார்த்தது. எனக்குச் சபாவில் கொடுத்தது ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவர். தராசு இனி மெல்ல மறுபக்கம் சாயும். அது அவருக்கு வலிக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். போன வருடம் அணித்தேர்வில் பெயர் வராதபோது அவர் இரண்டு நாள் என் பாட்டையே கேட்கப் பிடிக்காமல் மொட்டை மாடியில் படுத்தார். நானும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானாகப் பாயை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

இப்போது பயிற்றுநர் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையன்களைச் சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுக்கிறார். அதில் முதல் அரைமணி நேரம் என்னுடையது. பத்துப் பதினைந்து பையன்கள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சட்ஜம் பிடிக்கிறார்கள். சுருதி சேர்வதில்லை, மூச்சு நிற்கிறது.

எனவே உங்கள் வாலிபால்காரரிடம், ஆட்டம் முடிந்த பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கோபப்படாமல் பதில் சொன்னால் நல்ல மனிதர்தான், தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். தேதி குறிக்கும்போது மட்டும் இரண்டு பேருடைய காலண்டரையும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் எப்படியும் முகூர்த்தம் கிடையாது. தையில் தியாகராஜர் ஆராதனை ஒரு பக்கம், பொங்கல் போட்டிகள் ஒரு பக்கம். எங்களுக்கு ஆவணியில்தான் ஒழிந்தது, அதுவும் கல்யாணத்துக்கு மறுவாரமே அவருக்குப் பயிற்சி முகாம்.