பாண்டு உங்களுடையது, காசோலை அப்பாவுடையது

கேள்வி: சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு ஆண்டு பாண்டில் சேர்ந்தேன். இடையில் விலகினால் 3 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பது நிபந்தனை. கோவில்பட்டியில் இருக்கும் என் அப்பா ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டு, தொகையும் தேதியும் எழுதாத காசோலை ஒன்றையும் கொடுத்தார். ஓயாத இரவுப் பணி, எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் பேசிய பேச்சு, மறுக்கப்பட்ட ஊதிய உயர்வு ஆகியவற்றால் 14 மாதங்களில் வெளியேறிவிட்டேன். பணம் கட்டாவிட்டால் காசோலையை வங்கியில் போடுவோம் என்கிறார்கள். மேலாளர் மீது வழக்குத் தொடுக்கலாமா? காசோலையை நிறுத்திவைக்கச் சொல்லி அப்பா வங்கிக்குப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மேலாளருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், காசோலைக்கு ஒரே வரி. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். நீங்கள் பட்ட அவமானம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தாலும் மேலாளர் மீது வழக்குப் போட்டாலும் அந்தக் காசோலை வங்கிக்குப் போவது ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது.

பாண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே வேளையில், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்புதான். ஆறு வாரம் காணொளிகளைப் பார்க்கவைத்துவிட்டு மூன்றாம் மாதமே வாடிக்கையாளர் வேலையில் உங்களை இறக்கிய நிறுவனம், பயிற்சிக்கு 3 லட்சம் செலவானது என்று மெய்ப்பிப்பது எளிதல்ல. உரிமையியல் வழக்கு மட்டுமே என்றால் உங்களைத் துணிந்து எதிர்க்கச் சொல்லியிருப்பேன்.

காசோலை இருப்பதால் கணக்கே மாறிவிடுகிறது. காசோலை பணமின்றித் திரும்புவதைக் குற்றமாக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்றவாளியாக நிற்கப்போவது பாண்டில் கையெழுத்திட்ட நீங்கள் அல்ல, காசோலையில் கையெழுத்திட்ட உங்கள் அப்பா. மகனுடைய கடனுக்கு அவர் எப்படிக் குற்றவாளி ஆவார் என்று கேட்பீர்கள். ஜாமீன்தாரர் கொடுத்த காசோலையும் இப்பிரிவுக்குள் வரும் என்று 2002-லேயே தீர்ப்பாகிவிட்டது. தொகை எழுதவில்லை, தேதி போடவில்லை என்பதும் காப்பாற்றாது. கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டாலே நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்ததாகவே சட்டம் கொள்ளும். கொடுத்து ஓராண்டு ஆகிவிட்டதே என்றால், காசோலை செல்லுபடியாகும் மூன்று மாதக் கெடு அவர்கள் எழுதப்போகும் தேதியிலிருந்துதான் ஓடும். வழக்கு, நிறுவனம் தன் கணக்கை வைத்திருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் நடக்கும். நீங்கள் அனுப்பிய பணி நியமனக் கடிதத்தில் தலைமையகம் பெங்களூரு என்று இருக்கிறது. கணக்கும் அங்கே என்றால், கோவில்பட்டியிலிருந்து அப்பா ஒவ்வொரு வாய்தாவுக்கும் எங்கே போவார் என்று யோசியுங்கள். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றத்தை மறுத்தால், வழக்கு முடியும் முன்பே 20 சதவீதம் வரை, அதாவது 60,000 ரூபாய் வரை, இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

வங்கிக்குப் போய்க் காசோலையை நிறுத்திவைப்பதில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். நிறுத்திவைத்ததால் திரும்பினாலும் 138 பாயும். கணக்கில் போதிய பணம் இருந்தது, நிறுவனத்துக்குத் தர வேண்டிய கடன் எதுவும் இல்லாததால்தான் நிறுத்தினோம் என்று காட்டினால் மட்டுமே தப்பலாம். அதைக் காட்டும் பொறுப்பும் அப்பாவுடையது. ஓய்வூதியக் கணக்கில் 18,000 ரூபாயை வைத்துக்கொண்டு 3 லட்ச ரூபாய்க் காசோலையை நிறுத்துவது வீண் வேலை. இதற்கிடையில் மனிதவள அலுவலருக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படித்துத் தலையில் கைவைத்துக்கொண்டேன்: ‘சார், ரெண்டு மாசத்துல முழுப் பணத்தையும் கட்டிடுறேன், அப்பாவை இழுக்காதீங்க.’ கடனே இல்லை என்று வாதாடப்போகும் வழக்கில், கடன் உண்டென்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இனி அவர்களுக்கு ஒரு வரியும் நீங்களாக அனுப்பாதீர்கள். அப்பா பெயருக்குப் பதிவு அஞ்சல் வந்தால் வாங்காமல் திருப்ப வேண்டாம். திருப்பினாலும் சேர்ந்ததாகவே கருதப்படும். காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் என்றால், வாங்கியதிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம், பதில் போடாமல் இருந்தால் அதுவே அவருக்கு எதிராகத் திரும்பும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். வழக்கறிஞர் மூலமாக, பயிற்சிச் செலவின் கணக்கைக் கேட்டும், நிலுவைத் தொகை எதையும் ஒப்புக்கொள்ளாமலும் ஒரு கடிதம் முதலில் போகட்டும். செலவுக் கணக்கைக் காட்ட முடியாத நிறுவனம் பெரும்பாலும் இறங்கிவரும். பிடித்துவைத்திருக்கும் உங்கள் கடைசி மாதச் சம்பளத்தைக் கழித்துக்கொண்டு, மேலே ஒரு லட்சம் வரை கொடுத்து முடிக்க முடிந்தால் முடியுங்கள். வாய்தாச் செலவோடு ஒப்பிட்டால் அது மலிவு. ஆனால் பணத்தைக் கட்டிவிட்டுக் காசோலைக்குக் காத்திருக்காதீர்கள். ஒருவர் 1.25 லட்சம் ரூபாயை வங்கி வழியாக அனுப்பிவிட்டு, பணிவிடுப்புக் கடிதம் கையில் வந்த மகிழ்ச்சியில் காசோலையைக் கேட்க மறந்துபோனார்; எட்டு மாதம் கழித்து, நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கிடந்த அதே காசோலை திரும்பியதாக அவருடைய மாமனாருக்கு நோட்டீஸ் வந்தது. வரைவோலையை ஒரு கையால் கொடுக்கும்போது மறு கையால் அசல் காசோலையையும் ஜாமீன் பத்திரத்தையும் பணிவிடுப்புக் கடிதத்தையும் வாங்குங்கள். சமரச ஒப்பந்தத்தில் காசோலையின் எண் இருக்க வேண்டும். அப்பாவிடம் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை இருக்கும். இன்றே அந்த எண்ணைப் பார்த்துக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள்.