கேள்வி பதில்: கோடு போடும் கை யாருடையது?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பெண் உறுப்பினர் சட்டப்பேரவைக்குள்ளேயே இரவு தங்கிப் போராடினார் என்று படித்தேன். எதற்காக அந்தப் போராட்டம்? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அவர் பெயர் நிக்கோல் காலியர். ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர், வழக்கறிஞர், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். அமெரிக்காவில் நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளைப் பெரும்பாலான மாநிலங்களில் அந்தந்த மாநிலச் சட்டமன்றமே வரைகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் வரைவது வழக்கம். டெக்சாஸ் 2021இல் வரைந்து முடித்துவிட்டது. ஆனால் குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து இடங்கள் வேண்டும் என்று அதிபர் டிரம்ப் வெளிப்படையாகவே கேட்க, ஆளுநர் கிரெக் அபட் 2025இல் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டி எல்லைகளைத் திருத்தச் செய்தார். மாநிலத்தின் 38 இடங்களில் 25 ஏற்கெனவே அக்கட்சியிடம் இருந்தன.

டெக்சாஸ் பேரவையில் 150 உறுப்பினர்கள் உள்ளனர். அவை நடக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 100 பேர், வந்திருக்க வேண்டும். எனவே ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜனநாயகக் கட்சியினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாநிலத்தை விட்டே வெளியேறினர். பேரவை அவர்களுக்கு எதிராகப் பிடியாணை பிறப்பித்தது. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று, அவர்களில் பலர் திரும்பி வந்தபோது பேரவைத் தலைவர் டஸ்டின் பர்ரோஸ் புதிய நிபந்தனை ஒன்றை விதித்தார்: அடுத்த அமர்வுக்கு வந்துவிடுவார்கள் என்பதை உறுதிசெய்ய, ஒவ்வொருவரும் ஒரு காவல் அதிகாரியின் கண்காணிப்பில் இருக்கச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும், இடாதவர் அவையை விட்டு வெளியே போக முடியாது. மற்றவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்பினர். அவர்கள் பின்னாலேயே காவலரும் போனார். காலியர் மறுத்துத் தம் இருக்கையிலேயே இருந்துவிட்டார். ஆட்கொணர்வு மனுவும் தாக்கல் செய்யப்பட்டது. மறுநாள் சக உறுப்பினர்கள் சிலர் தாங்கள் கையெழுத்திட்ட தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவருடன் வந்து தங்கினர்.

ஆகஸ்ட் 20 அன்று வரைபடம் 88க்கு 52 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அவருடைய எதிர்ப்பு அதைத் தடுக்கவில்லை. தடுக்கும் என்று அவரும் எண்ணியிருக்க மாட்டார். பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் பேரவையிலிருந்து வீட்டுக்குப் போகக் காவலரின் துணையை ஏற்க வேண்டும் என்ற நிலையை நாடே பார்க்கும்படி அவர் செய்தார் என்பதே என் கணிப்பு.

கேள்வி: எல்லைக் கோட்டை மாற்றினால் முடிவு எப்படி மாறும்? வாக்காளர்கள் அதே ஆட்கள்தானே? (கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓர் ஊரில் 500 வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்சிக்கு 300 பேர், இரண்டாம் கட்சிக்கு 200 பேர் ஆதரவு. நியாயமாக மூன்றுக்கு இரண்டு என்று இடங்கள் பிரிய வேண்டும். ஆனால் வரைபவர் முதல் கட்சிக்காரராக இருந்தால், ஒவ்வொரு தொகுதியிலும் 60க்கு 40 என்று வரும்படி எதிரணியினரைச் சிதறடித்து ஐந்தையும் அள்ளிவிடுவார். அதே பேனா இரண்டாம் கட்சியிடம் கிடைத்தால், முதல் கட்சியினரைத் தொகுதிக்குத் தொண்ணூறு பேராக இரண்டு தொகுதிகளில் அடைத்துவிடும். மிச்சமுள்ள மூன்றில் 60க்கு 40 என்று தானே வென்று, சிறுபான்மையாக இருந்தும் ஆட்சியைப் பிடித்துவிடும். ஒருவர்கூடத் தம் வாக்கை மாற்றவில்லை, கள்ள ஓட்டும் விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முன்பெல்லாம் இதற்கு அனுபவசாலிகள் தேவைப்பட்டனர். இன்று வாக்குச்சாவடிவாரியாக முந்தைய தேர்தல் முடிவுகளைக் கணினியில் ஏற்றினால், சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான வரைபடங்கள் கிடைக்கும். கட்சி ஆதாயத்துக்காக வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் கூறிவிட்டது. இன அடிப்படையில் வரைந்தால் அங்கே வழக்காட முடியும். டெக்சாஸ் வரைபடத்தை எல் பாசோ நகரின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த அடிப்படையில்தான் 2025 நவம்பரில் தடை செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது.

கேள்வி: மக்கள் அனுப்பியவர்கள் அவைக்குப் போகாமல் வெளிமாநிலத்துக்கு ஓடிப்போனது மட்டும் சரியா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்ருட்டி)

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். சம்பளம் வாங்கிக்கொண்டு கடமையைத் தட்டிக்கழித்தார்கள் என்பதே குடியரசுக் கட்சியினரின் வாதம். நாள் ஒன்றுக்கு 500 டாலர் அபராதம் என்ற விதியும் இதற்காகவே வந்தது. டெக்சாஸ் ஜனநாயகக் கட்சியினருக்கு இது புதிதல்ல: 2003இல் ஓக்லஹோமாவுக்கும், 2021இல் வாஷிங்டனுக்கும் போயிருக்கிறார்கள். இம்முறை பெரும்பாலோர் அடைக்கலம் புகுந்த இல்லினாய் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியே தனக்குச் சாதகமாகக் கோடு போட்டுக்கொண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டெக்சாசுக்குப் பதிலடியாகக் கலிபோர்னியாவும் தன் வரைபடத்தை மாற்றியது. அங்கே 2025 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் பெற்றார்கள் என்பது வித்தியாசம். என்னைக் கேட்டால், எண்ணிக்கையில் தோற்பது உறுதி என்று தெரிந்த அணிக்கு அவையின் விதியே ஒரு தடுப்பைக் கொடுத்திருக்கும்போது அதைப் பயன்படுத்துவது பிழையாகாது. திரும்பி வந்தவர்களைக் காவலில் வைப்பதற்கு அது நியாயமும் ஆகாது.

கேள்வி: எங்கள் நெல்லிக்குப்பம் தொகுதியே 2008இல் மறைந்துபோனது. அதுவும் இதே வேலைதானா? (வணிகர், நெல்லிக்குப்பம்)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. கடலூர் மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளில் நெல்லிக்குப்பமும் மங்களூரும் நீங்கி, நெய்வேலியும் திட்டக்குடியும் புதிதாக வந்தன. எண்ணிக்கை ஒன்பதாகவே இருந்தது. பண்ருட்டித் தொகுதியோடு சேர்க்கப்பட்ட உங்கள் ஊருக்கு, தன் பெயரில் ஓர் உறுப்பினர் என்ற பெருமை போனது உண்மை. ஆனால் கோடு போட்டவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் அல்லர். உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் 2001 கணக்கெடுப்பை வைத்து வரைந்தது. மாநிலத்துக்குப் பத்து மக்கள் பிரதிநிதிகள் இணை உறுப்பினராக உட்கார்ந்தாலும் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆணையத்தின் இறுதி ஆணையை நாடாளுமன்றமோ சட்டமன்றமோ திருத்தவும் முடியாது.

அதனால் நம் ஏற்பாடு பழுதற்றது என்று மார்தட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. அரசியல் சாசனத்தின் 329ஆம் பிரிவு நீதிமன்றக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. வெளிப்படையாகத் தன்னிச்சையான ஆணையாக இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024இல்தான் அதைச் சற்றே திறந்தது. ஜம்மு காஷ்மீரில் 2022இல் நடந்த மறுவரையறையில் ஜம்முவுக்கு ஆறு இடங்கள் கூடின. அதைவிட மக்கள்தொகை மிகுந்த காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்கு ஒன்றுதான் கூடியது. அதை எதிர்த்த வழக்கு மறு ஆண்டே தள்ளுபடியானது. ஆணையத்தை அமைப்பதும் அதன் வேலைக்கு நேரம் குறிப்பதும் ஒன்றிய அரசு என்பதை மறந்துவிடலாகாது. (மாநிலங்களுக்கு இடையே மக்களவை இடங்களைப் பகிர்வது பற்றித் தமிழ்நாடு கொண்டுள்ள அச்சம் வேறு விஷயம். 1967இல் 41 இடம் 39 ஆனதிலிருந்து தொடரும் அந்த அச்சத்தை இதனோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கேள்வி: அதே மறுவரையறையில் காரைக்காலுக்கு ஆறு ஐந்தானது, மாஹேக்கு இரண்டு ஒன்றானது. புதுச்சேரிப் பகுதி மட்டும் 21லிருந்து 23 ஆனது. ஓரவஞ்சனை இல்லையா? (வாசகர், காரைக்கால்)

பதில்: மக்கள்தொகைக் கணக்கின்படி அது சரி. தலைநகரை விட்டுத் தொலைவில் கிடக்கும் பகுதிகளுக்கு அவையில் குரல் மெலிந்ததும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் சிக்கல்.

ஆனால் புதுச்சேரியில் கோட்டைத் தொடாமலே எண்ணிக்கையை மாற்றும் வழி ஒன்று இருப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பகுதிகள் சட்டப்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரைத் தவிர மூவரை ஒன்றிய அரசு நியமிக்கலாம். 2017இல் மாநில அரசின் பரிந்துரை இல்லாமலே பா.ஜ.க.வினர் மூவர் நியமிக்கப்பட்டனர். அது செல்லும், அவர்கள் வாக்கும் அளிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி அரசு வீழ்ந்தபோது, பதவி விலகல்களுக்குப் பின் எதிரணியில் இருந்தவர்கள் 14 பேர். ஆளும் தரப்பில் பேரவைத் தலைவரையும் சேர்த்து 12 பேர். அந்த 14இல் மூவர் யாரிடமும் வாக்குக் கேட்டு வந்தவர்கள் அல்லர். விலகியவர்கள் விலகியிருக்காவிட்டால் கதை வேறு என்பதும் உண்மைதான்.

கேள்வி: காலியர் செய்ததை நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் செய்ய முடியுமா? (வழக்கறிஞர், சிதம்பரம்)

பதில்: அவைக்கு வராமல் முடக்குவது நடக்காது. நம் சாசனப்படி பத்தில் ஒரு பங்கினர் இருந்தால் போதும். தமிழ்நாட்டின் 234 பேரில் 24 பேர். உட்கார்ந்து மறுத்தால் காவலர்கள் தூக்கி வெளியே விட்டுவிடுவார்கள். 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பு நாளன்று தி.மு.க. உறுப்பினர்களுக்கு அதுதான் நேர்ந்தது. இடைநீக்கத்துக்கு மட்டும் ஓர் எல்லை உண்டு: மகாராஷ்டிரத்தின் 12 உறுப்பினர்களை ஓராண்டுக்கு நீக்கியது செல்லாது, அந்தக் கூட்டத்தொடரைத் தாண்டி நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. இவற்றையெல்லாம்விட வலிய பூட்டு கொறடா உத்தரவு. 1985ஆம் ஆண்டுக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தால், சொந்தக் கட்சியின் முடிவை எதிர்த்து வாக்களிப்பவர் பதவியையே இழக்கலாம்.

ஒரு சிறிய இடைவெளி மட்டும் இருக்கிறது. அதிகம் பேர் அதைக் கவனிப்பதில்லை. 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின்படி, ஆணையம் தன் வரைவை வெளியிடும்போது, மாறுபடும் இணை உறுப்பினர் விரும்பினால் அவருடைய மாற்று யோசனையையும் அதனோடு வெளியிட வேண்டும். பின்னர் பொதுமக்களை நேரில் கேட்க வேண்டும். 2026க்குப் பிந்தைய கணக்கெடுப்பை வைத்து வரவிருக்கும் மறுவரையறைக்குப் புதுச் சட்டம் எழுதப்படும்போது இந்தப் பிரிவு அதில் இருக்கிறதா என்று உங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், கடலூருக்கான வரைவு வரும் நாளில் நம் மாவட்டத்து உறுப்பினர்களில் எவர் தம் மாறுபாட்டை எழுத்தில் பதிந்தார், எவர் பதியவில்லை என்பதை இதே பகுதியில் வெளியிடுகிறோம்.