ஐசியூவில் அப்பா: ‘எதுவும் சொல்ல முடியாது’ என்றால் என்ன கேட்பது?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. நிமோனியா முற்றி ரத்தத்தில் கிருமி பரவியதால் ஒன்பது நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். ஒரு நாள் ‘பரவாயில்லை’ என்கிறார்கள், மறுநாள் ‘எதுவும் சொல்ல முடியாது, 48 மணி நேரம் போகட்டும்’ என்கிறார்கள். எதையாவது மறைக்கிறார்களா? பில்லுக்காக இழுக்கிறார்களா? நேற்று மயக்க மருந்தைக் குறைத்தபோது அவருக்கு என்னையே தெரியவில்லை, கையை வேறு கட்டி வைத்திருக்கிறார்கள். அம்மா வராந்தாவை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

பதில்: டாக்டர் ‘சொல்ல முடியாது’ என்பது பெரும்பாலும் நிஜம்தான். கிருமித் தொற்று உடல் முழுவதையும் தாக்கும் இந்த நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். இதில் நுரையீரல், சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்று ஒன்று கெட்டால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகும். கொடுக்கிற ஆன்டிபயாடிக் கேட்கிறதா என்று தெரியவே இரண்டு மூன்று நாள் ஆகிவிடும், எந்தக் கிருமி என்று பார்க்க ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவும் அப்படித்தான். சோஃபா, அபாச்சே என்று மதிப்பெண் முறைகள் எங்களிடம் உண்டு. ஆனால் இந்த நிலையில் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய எத்தனை பேர் தேறுவார்கள் என்றுதான் அவை சொல்லும், உங்கள் அப்பா அதில் எந்தப் பக்கம் என்று சொல்லாது.

சரி, அதற்காக அந்த ஒரு வரியோடு டாக்டர் நகர்ந்துவிடலாமா என்றால், கூடாது. முடிவு தெரியாவிட்டாலும் போக்கு தெரியும். ‘பிழைப்பாரா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, நேற்றைக்கு இன்று என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஓடுகிறது (நாம் சுவாசிக்கும் காற்றில் 21, அவருக்கு 70-இல் இருந்து 45-க்கு இறங்கியிருந்தால் நல்ல செய்தி), பிரஷர் ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து கூடியதா குறைந்ததா, சிறுநீர் மணிக்கு எவ்வளவு போகிறது (60 கிலோ எடை உள்ளவருக்கு 30 மில்லியாவது போக வேண்டும்), கூப்பிட்டால் கண் திறக்கிறாரா. இந்த நான்கையும் தினமும் ஒரு நோட்டில் எழுதிவந்தால், ஒரு நாள் ஏற்றமும் மறுநாள் இறக்கமும் உங்களை இவ்வளவு ஆட்டி வைக்காது, ஏனென்றால் மூன்று நாள் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் முக்கியம். அப்புறம் இதையும் கேளுங்கள்: “இந்தச் சிகிச்சையை எத்தனை நாள் பார்ப்பீர்கள், அன்றைக்கு எது மாறியிருந்தால் நல்லது, மாறாவிட்டால் அடுத்து என்ன?” இப்படிக் கேட்டால் நல்ல டாக்டர் உட்கார்ந்து பேசுவார். வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள். காலையில் மாமா, மாலையில் சித்தப்பா, ராத்திரி டியூட்டி டாக்டரிடம் மாப்பிள்ளை என்று விசாரித்தால் மூன்று விதமான பதில்தான் வரும், அதை வாட்ஸ்அப்பில் போட்டுக் குடும்பமே குழம்பும்.

அடையாளம் தெரியாமல் போனது பெரும்பாலும் டெலிரியம், அதாவது கிருமித் தொற்றும் மயக்க மருந்தும் தூக்கமின்மையும் சேர்ந்து வரும் தற்காலிகக் குழப்பம். வென்டிலேட்டரில் இருக்கும் மிகப் பலருக்கு வருவதுதான். நீங்கள் வெளியே தவிப்பதைவிட உள்ளே அவர் தவிப்பது மோசம்: வென்டிலேட்டர் குழாய் குரல்நாண் வழியாகப் போவதால் பேச முடியாது, இரவா பகலா தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வது போலவும் நர்ஸ் விஷம் ஏற்றுவது போலவும்கூடத் தோன்றும். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்பதால்தான் கையைக் கட்டுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரம் மட்டும் அவிழ்க்க முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் சம்மதிப்பார்கள். அவருடைய கண்ணாடியைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். “அப்பா, நான் வந்திருக்கிறேன், இது ஆஸ்பத்திரி, இன்று வியாழக்கிழமை, நிமோனியாவுக்குப் பார்க்கிறார்கள்” என்று ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து சொல்லுங்கள். அதே நோட்டில் அன்றன்று நடந்ததையும் நாலு வரி எழுதுங்கள். ஐசியூ டைரி என்று ஸ்காண்டிநேவிய நாடுகளில் நர்ஸ்களே எழுதிக் கொடுப்பது உண்டு, தேறியவர்கள் பின்னால் தங்களுக்கு நினைவில்லாத நாட்களை அதில் படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

பில் பற்றிய சந்தேகம் வருவது இயல்பு, அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அதை வெளியே வேறொரு ஐசியூ மருத்துவரிடம் காட்டுங்கள். நோயாளியை மாற்றுவதைவிடக் காகிதத்தை அனுப்புவது பத்திரம், ஏனென்றால் வென்டிலேட்டரோடு ஆம்புலன்சில் போவது தனி ஆபத்து. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருந்தால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இன்றே கவுன்டரில் கேளுங்கள்.

அம்மாவை இரவில் வீட்டுக்கு அனுப்புங்கள், போன் நம்பரை நர்ஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு. அநேகமாக இந்த வாரம் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்கும் டிரக்கியாஸ்டமிக்குக் கையெழுத்து கேட்பார்கள். கை விட்டுவிட்டார்கள் என்று பயப்படாதீர்கள். வாய் வழியான குழாயை ரொம்ப நாள் வைக்க முடியாது என்பதால் செய்வது அது. அதன்பின் மயக்க மருந்தைக் குறைக்கலாம், தேறிய பிறகு குழாயை எடுத்துவிட்டால் ஓட்டை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.